உயரமானித் துளையில் சந்தனம்

பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பயிற்சி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டீர்கள். கடைசியாக வந்த பெண், "நல்ல அனுபவமா ஒண்ணு எழுதிக் குடுங்க சார், எங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றாள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் பிடித்திருக்க வேண்டும். முப்பது சொச்சம் ஆண்டுகள் விமானக் கருவிகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு மிஞ்சியது முதுகுவலியும் காது இரைச்சலும்தான். எல்லாம் ஒழுங்காக நடந்த நாட்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஒழுங்கில்லாமல் போன ஒரு நாள் மட்டும் நினைவை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதை எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு. மலாக்காவில் காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தேன். ஊருக்கு வெளியே இருந்த சின்ன விமானத் திடலில் ஒரு தனியார் கம்பெனி நான்கைந்து சிறு விமானங்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கே கருவிப் பிரிவு. உயரமானி, வேகமானி, திசைகாட்டி என்று விமானியின் முன்னால் முள் ஆடும் வட்டம் எதுவானாலும் என் பொறுப்பு.

அந்த ஆண்டு, விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கரில் ஒரே பேச்சு உரிமத்தைப் பற்றித்தான். 'இந்த விமானம் பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போடும் உரிமை அதுவரை எங்கள் கம்பெனியில் வெள்ளைக்காரர்களிடம் மட்டுமே இருந்தது. நாடு நம் கைக்கு வந்த பிறகு அதையும் உள்ளூர் ஆட்களுக்குக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம். சிங்கப்பூரில் இருந்த இயக்குநர்களுக்கு அரை மனசுதான். "இவர்கள் கையில் கொடுத்தால் விமானம் எங்கே போய் இறங்குமோ" என்று ஒருவர் கூட்டத்திலேயே சொன்னாராம். எங்கள் தலைமைப் பொறியாளர் ஓர் ஆங்கிலேயர். நாங்கள் துரை என்போம். அவர்தான் எனக்காக வாதாடி என் பெயரை முதல் ஆளாக அனுப்பியிருந்தார். நான் தேறினால் அடுத்து வருவதற்கு ஒன்பது பேர் பின்னால் வரிசையில் நின்றார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் அதில் உண்டு. நான் சறுக்கினால் ஒன்பது பேருக்கும் கதவு மூடிவிடும். இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியம் சாப்பிட உட்காரும்போது அவர்கள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

ராஜன் என்று ஒரு நண்பன். விமான இருக்கை தைப்பது, திரை மாட்டுவது, கம்பளம் விரிப்பது அவன் வேலை. என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தான். மலாக்காச் செட்டி இனத்தவன். அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. பூஜை, சந்தனம், பொட்டு மாதிரிச் சொற்கள் மட்டும் தமிழாக நாக்கில் ஒட்டியிருக்கும். ஆனால் சாமி காரியத்தில் அவனுக்கு இருந்த ஒழுங்கில் கால்வாசி எனக்குக் கிடையாது. ஹேங்கரில் ஆயுத பூஜை என்றால் ஸ்பேனர், துரப்பணம், தையல் இயந்திரம் என ஒன்று விடாமல் துடைத்து அடுக்கி, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைப்பவன் அவன்தான். துரையும் வந்து நின்று ஒரு கை சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்.

அந்த ஆண்டு புதிதாக ஒரு விமானம் வந்திருந்தது. ராஜன் அதற்கும் பொட்டு வைத்தான். மூக்கில் ஒன்று, கதவில் ஒன்று, உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நான் வந்து ஈரத்துணியால் எல்லாப் பொட்டையும் துடைத்தேன். அது ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் செய்வதுதான். பொட்டோடு விமானம் வெளியே போனால் நன்றாக இருக்காதே. துடைத்துவிட்டு, கருவிகள் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே துரை போட்டார். எட்டு மணிக்கு விமானி கிளம்பினார். கூடவே, நில அளவைக்காக மேலிருந்து படம் எடுக்கும் ஒருவரும் போனார். வானம் வெளிச்சமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ராஜனும் நானும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவன் பேசியது மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன், அவனுடைய மலாய் 'லா'வை மட்டும் விட்டுவைத்து.

"புது விமானத்துக்குப் பொட்டு எப்படி வெச்சேன் பாத்தியா? ரெண்டு பக்கமும் வெள்ளித் தகடு மாதிரி வட்டமா ஒண்ணு இருக்கே. நடுவுல சின்னதா ஊசித் துளை. பொட்டு வைக்கவே செஞ்ச மாதிரி இருந்துச்சு. சரியா நடுவுல வெச்சேன்லா."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

அந்த ஊசித் துளை என்ன என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளை வழியாகத்தான் உயரமானிக்குப் போகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், முள் ஏறும். பழைய விமானங்களில் இறக்கைக்கு அடியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும். இந்தப் புது விமானத்தில் அது உடம்போடு ஒட்டிய ஒரு தகடு. இருக்கை தைப்பவனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் துணியை எடுத்து அழுத்தித் தேய்த்து, மேலே இருந்த சந்தனத்தைத் துளைக்குள் தள்ளியிருந்தேன். அன்று காலை என் நினைப்பெல்லாம் உரிமத்தின் மேல் இருந்தது.

ஒரு துளை அடைத்தால் மறுபக்கத் துளை காப்பாற்றும் என்றுதான் இரண்டு வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் மழையை நினைத்திருப்பார், தூசியை நினைத்திருப்பார். இரண்டு பக்கமும் ஒரே பக்தியோடு பொட்டு வைக்கும் ஒரு கையையும், இரண்டையும் ஒரே துணியால் துடைக்கும் இன்னொரு கையையும் அவர் எப்படி நினைப்பார்? ஒரு பக்கம் மட்டும் பொட்டு வைக்க நம்மில் யாருக்காவது மனசு வருமா?

முழுக்க அடைத்திருந்தால் முள் அசையவே அசையாது. விமானி கண்டுபிடித்துத் திரும்பியிருப்பார். அவர் திரும்பவில்லை. அப்படியானால் துளை பாதி அடைத்திருக்கிறது. முள் நகரும், ஆனால் பிந்தி நகரும். கீழே இறங்கும்போது விமானம் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகக் காட்டும். கண்ணுக்குத் தரை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நான் எழுந்து வெளியே வந்து பார்த்தேன். கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. நீரிணைக்கு அப்பாலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் காற்றுமழையை நாங்கள் சுமத்ரா என்போம். அதுதான் வந்துகொண்டிருந்தது. விமானி அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். மேகத்துக்குள் இறங்குவார். திடலுக்கு வடக்கே ரப்பர் மரம் மூடிய குன்று ஒன்று உண்டு.

ராஜன் என் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டான். மீதியைச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுலா. அடைச்சிருக்குன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா? தெரியாது. அந்த ஆளு சண்டையில ஓட்டுனவரு, கண்ண மூடிக்கிட்டே எறக்குவாரு. நீ போய்ச் சொன்னா உன் உரிமம் போச்சு. நம்ம எல்லாருக்கும் போச்சு. சாமி கும்பிட்டதால வந்ததுன்னு சொல்லிச் சிரிப்பானுங்க."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு நிமிடம் இருக்கும். வீரனாக ஓடினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நின்றேன். அந்த ஒரு நிமிடம் இரண்டு மனிதர்களின் உயிரை ஒரு தட்டிலும் என் பெயரை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. முதல் இடி கேட்ட பிறகுதான் கால் நகர்ந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு இருநூறு அடி தூரம் இருக்கும். அங்கே இருந்த மலாய்க்கார அதிகாரியிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்.

"நீயே சொல். நான் இடையில் நின்றால் தப்பாகப் போகும்."

விமானியின் குரல் கரகரப்பாக வந்தது. மேகத்துக்குள் இருக்கிறார், ஆயிரத்து இருநூறு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். உயரமானியை நம்பாதீர்கள். துளை அடைத்திருக்கலாம். முதலில் மேலே ஏறுங்கள். பிறகு, ஏற்ற இறக்க வேகம் காட்டும் வட்டத்தின் கண்ணாடியை உடையுங்கள். அதுவும் உயரமானியும் ஒரே குழாயில் இருக்கின்றன. கண்ணாடி உடைந்தால் விமானத்துக்குள் இருக்கும் காற்று அந்த வழியாக உயரமானிக்குப் போய்விடும்.

"யார் பேசுவது?"

"கருவிப் பிரிவு மாணிக்கம்."

"உனக்கு உறுதியாகத் தெரியுமா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். மழை கண்ணாடியில் அறையத் தொடங்கியிருந்தது. ஆம் என்று சொல்வது சுலபம்.

"தெரியாது சார். ஆனால் உடையுங்கள்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கையிலிருந்த டார்ச்சால் கண்ணாடியை உடைத்தாராம், உடைத்த மாத்திரத்தில் உயரமானி முள் முந்நூறு அடி விழுந்ததாம். அந்த முந்நூறு அடிக்குள்தான் குன்று இருந்தது. மழை ஓயும்வரை கடலுக்கு மேல் சுற்றிவிட்டு, அரை மணி கழித்து இறங்கினார். படம் எடுப்பவர் இறங்கி வந்து ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

ஊசியை வைத்து இரண்டு துளையிலிருந்தும் சந்தனத்தை எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தேன். மொத்தமே ஓர் அரிசி அளவுகூட இல்லை. மணம் மட்டும் அப்படியே இருந்தது. துரை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாணிக்கம், அறிக்கை எழுத வேண்டும். அது எல்லாத் திடல்களுக்கும் போகும், சிங்கப்பூருக்கும் போகும். சந்தனம், பூஜை என்று எழுதினால் அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்நியப் பொருள் என்று எழுது. அது பொய் இல்லை."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் மேல் அவருக்கு உண்மையான பிரியம் இருந்தது. அவருடைய கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்தது, சுண்டலும் தின்றிருந்தார். நான் பேனாவை எடுத்து, இரு துளைகளிலும் அந்நியப் பொருள் இருந்தது, அகற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் வரவில்லை, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அடுத்த மாதம் உரிமம் வந்தது. ஹேங்கரில் எல்லோரும் என்னைத் தோளில் தூக்கினார்கள். இரண்டு ஆண்டுக்குள் அந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கும் வந்துவிட்டது. எங்கள் ஹேங்கரில் அதன் பிறகு விமானத்துக்குப் பொட்டு வைப்பதில்லை, ஸ்பேனருக்கு மட்டும்தான். ராஜன் அதைத் தானாகவே நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் ஆண்டு, ஆயுத பூஜைக்கு மறுநாள். வடக்கே வேறொரு கம்பெனியின் சிறு விமானம் மழையில் மலையில் மோதி, விமானி இறந்துபோனார். சில வாரம் கழித்துச் சுற்றறிக்கை எங்களுக்கும் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது. இரு துளைகளிலும் அந்நியப் பொருள். என் வாக்கியத்தை வேறு யாரோ திருப்பி எழுதிய மாதிரி இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துரையிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அந்தக் கம்பெனியில் மோதிய விமானத்தின் கருவிகளைப் பார்த்துவந்த ஃபிட்டரின் பெயர் வேலு. வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். ரயிலில் போய் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலிலேயே நின்று பேசினார்.

"பேப்பர்காரரா?"

"இல்லப்பா. மலாக்காவுல உங்க வேலதான் பாக்குறேன்."

உடனே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். வேலு நாலைந்து நாளாகச் சவரம் செய்யவில்லை.

"பூஜைக்கு வந்த பூசாரி ப்ளேனுக்கும் பொட்டு வெச்சாருண்ணே. காலையில நான்தான் தொடச்சேன். நல்லா அழுத்தித்தான் தொடச்சேன். ஒலகத்துல எவனாச்சும் இப்படிச் செய்வானான்னு விசாரணையில கேட்டாங்க. நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எவனாச்சும் செஞ்சிருக்கானாண்ணே?"

"நான் செஞ்சிருக்கேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு. எங்க ஆளு பொழச்சுக்கிட்டாரு."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அந்நியப் பொருள்னு."

வேலு யாரிடமோ கணக்கு ஒப்பிப்பது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தாளு எங்க போர்டுல ஒட்டியிருந்துச்சுண்ணே. நான் படிச்சேன். என்ன பொருளா இருக்கும்னு நாங்களா பேசிக்கிட்டோம். குளவிக் கூடுன்னு முடிவு பண்ணோம். இங்க குளவி ஜாஸ்தி. அதுலருந்து வாரம் தவறாம ரெண்டு தொளையும் பாப்பேன். பூஜைக்கு முந்தின நாளுகூட டார்ச் அடிச்சுப் பாத்தேன். குளவி இல்ல. சுத்தமா இருந்துச்சு. அதனாலதான் பூஜை முடிஞ்ச மறுநாளு பாக்கல."

அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். வேலு என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். நான் எழுதிய அறிக்கையை ஒருவர் நம்பியிருக்கிறார், அதன்படி வாரந்தோறும் வேலையும் செய்திருக்கிறார். அவரை நான் குளவி தேட அனுப்பியிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் நேராக ராஜன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடியும் எழுதப் போகிறேன், யார் பொட்டு வைத்தது என்பதும் அதில் வரும், உன் பெயரை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். அவன் சாமி மாடத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"துலிஸ்லா" என்றான். எழுது என்று அர்த்தம். "என் பேரையும் எழுது. எந்த எடத்துல வெச்சேன், எதுக்கு வெச்சேன், எல்லாம் எழுது. படிக்கிறவனுக்குப் புரியணும்."

எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தது. சந்தனம் என்றே எழுதினேன். பொட்டு எப்படி வைப்போம், எங்கே வைப்போம், எப்படித் துடைப்போம் என்பதையும் எழுதினேன். துடைத்தால் உள்ளே போகும் என்பதை இரண்டு முறை எழுதினேன். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. துளைகளை மூடும் சிவப்பு மூடியைப் போட்ட பிறகு பொட்டு வையுங்கள் என்று எழுதினேன். ஒரு நிமிடம் நின்றதையும் முதல் அறிக்கையில் மறைத்ததையும் எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

துரை பயந்தது எல்லாம் நடந்தது. சிங்கப்பூரில் சிரித்தார்கள். என் உரிமத்தைப் பிடுங்கினார்கள். வரிசையில் மீதி இருந்த மூன்று பேருக்கு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அதில் ஒருவர் என்னிடம் கடைசிவரை பேசவில்லை, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ராஜனைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். வேலுவுக்கு மறுபடியும் வேலை கொடுக்கவில்லை. விசாரணைக் குழு அவர் பெயருக்கு எதிரே இருந்த 'அலட்சியம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பியது. இறந்துபோன விமானியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. உரிமத்தை ஒன்றரை ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வேலைக்குப் போனேன், வந்தேன். இதில் உற்சாகப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மலருக்கு எழுதச் சொல்லி வந்த அந்தப் பெண் போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அந்த ஒன்பது பக்கத்தை இப்போது உங்கள் வகுப்பில் முதல் வாரமே படிக்கக் கொடுக்கிறார்களாம். எழுதியவரின் மானத்தைக் காக்க வேண்டும் என்று இரண்டு பெயரையும் மையால் அடித்துவிட்டுத்தான் நகல் எடுக்கிறார்களாம். நல்ல எண்ணம்தான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் நகலை எடுத்து, கறுப்பாக இருக்கும் இடத்துக்கு மேலே எழுதிக்கொள்ளுங்கள். பொட்டு வைத்தது இருக்கைப் பிரிவு ராஜன். துடைத்தது கருவிப் பிரிவு மாணிக்கம். இருவரும் காஜா பெராங், மலாக்கா.